சோகேஸில் வெந்துபோன வைன்

போன மாதம் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் மாமா என்னைப் பின் விறாந்தைக்குக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க ஹோட்டல்ல நிக்கிற ஆள்தானே, இத நீங்களே திறங்க" என்று ஒரு போத்தலைக் கையில் தந்தார். பிரான்ஸில் இருக்கிற மச்சான் 11 வருடத்துக்கு முன் கொண்டுவந்த போர்தோ சிவப்பு வைன். அன்றிலிருந்து ஹோல் சோகேஸில், கண்ணாடிக்குப் பின்னால், கப்புகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவில் நிமிர்ந்தே நின்றிருக்கிறது. சீற் கூரை வீடு, மேற்குப் பக்க ஜன்னல். கோர்க் காய்ந்து பொருபொருத்துப் பாதி உள்ளே விழுந்துவிட்டது. கிளாஸில் ஊற்றினால் வெறும் தேயிலைத் தண்ணி நிறம், மணமோ அவித்த முந்திரிகை (திராட்சை) வற்றலில் வினாகிரி ஊற்றின மாதிரி. "பழசுதானே, அதான் இந்தக் காரம்" என்று சுற்றி நின்றவர்கள் மெச்சிக் குடித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. கலியாண வீட்டில் என்னத்தைச் சொல்வது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பாசிக்குடாவில் 12 வருடமாக பார் பக்கம் வேலை செய்கிறவன். நம் ஊரில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று போர்டு போட்ட கடையில் வைனைத் தவிர மற்றதெல்லாம் ஓடும், அதனால் இந்தச் சாமான் நமக்குப் பழக்கமில்லை, அது ஒரு குறையுமில்லை. ஆனால் வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவருகிற போத்தல் இப்போது பல வீடுகளில் நிற்கிறது, பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் புதிதாக வேலைக்குச் சேருகிற பொடியன்களும் அந்த மாமா செய்த அதே பிழையைத்தான் செய்கிறார்கள். சூட்டைக் கணக்கெடுக்காத பிழை.

முதல் வருடம் நானும் செய்தேன். சிவப்பு வைனை 'அறைச் சூட்டில்' கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, பார் தட்டில் நின்ற போத்தலை ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு ஊற்றினேன். ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று அனலாய் வீசுகிற நாள். அந்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தபடி ஐஸ் வாளி கேட்டார். சிவப்பு வைனுக்கு ஐஸா என்று உள்ளுக்குள் நக்கலாக நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, புத்தகத்தில் சொன்ன அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை. நம் அறை 31, 32. அந்தச் சூட்டில் மதுசாரம் மூக்கில் குத்தும், பழ மணம் செத்துவிடும்.

அப்படிச் சாகிறதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நல்ல வைன் தோட்டங்கள் பெரும்பாலும் பூமத்திய ரேகையிலிருந்து 30 முதல் 50 பாகை தள்ளித்தான் இருக்கின்றன, கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழும்ப வேண்டும். யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டு வளர்க்கிற முந்திரிகையைக் கவாத்துப் பண்ணித்தான் காய்க்க வைக்கிறார்கள், நமக்கு அந்தக் குளிர் ஏது? போர்தோவில் மெடொக் பக்கம் சரளைக்கல் மண். தண்ணி நிற்காது, பகல் வெயிலைக் கல் பிடித்து வைத்து இரவில் கொடிக்கு விடும். இதெல்லாம் போதாதென்று, நன்றாய் வருகிற குலைகளிலேயே கொஞ்சத்தைப் பச்சையாக வெட்டிக் கீழே போடுகிறவர்களும் உண்டு, மிச்சக் குலைக்குச் சாரம் ஏறட்டும் என்று. படுவான்கரையில் ஒருவன் இப்படித் தன் பயிரைத் தானே குறைத்தால் ஊரே கூடிப் புத்தி சொல்லும்.

சிவப்பு முந்திரிகையின் சாறு பெரும்பாலும் வெளிறின நிறம்தான். நாவல்பழம் தின்றால் நாக்கில் ஊதாச் சாயமும் துவர்ப்பும் பிடிக்குமே, அது மாதிரிச் சங்கதி இங்கே தோலிலும் விதையிலும் இருக்கிறது, அதனால் தோலோடு சேர்த்தே ஒன்றிரண்டு கிழமை, சிலர் இன்னும் கூடுதலாக, புளிக்க விடுகிறார்கள். காலையில் இறக்கின கள் மத்தியானத்துக்குள் நுரைக்கிறதே, அதே வேலைதான்: ஈஸ்ட் இனிப்பைத் தின்று மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்கும். அந்த வாயு தோலையெல்லாம் மேலே தள்ளித் தடித்த ஏடாக்கிவிடும், அதை நாளுக்கு நாள் கீழே அமுக்க வேண்டும் அல்லது அடிச்சாற்றை எடுத்து மேலே ஊற்ற வேண்டும், விட்டால் சாயமும் இறங்காது, ஏடு வினாகிரியாகவும் தொடங்கும். ஈஸ்ட் வேலை செய்யும்போது தொட்டி தானாகவே சூடேறும். 30 பாகையைத் தாண்டிக் கனதூரம் போனால் ஈஸ்ட்டே களைத்துவிடும், ஆகவே தொட்டியைச் சுற்றிக் குளிர் தண்ணி ஓடவிடுகிறார்கள். அப்புறம் பச்சை அப்பிளின் கடும் புளிப்பு பாலில் வருகிற மெல்லிய புளிப்பாக மாறும் இரண்டாவது கட்டம், அதற்குப் பிறகு 225 லீற்றர் ஓக் பீப்பாவில் ஒரு வருடமோ கூடவோ நிலவறையில். இப்படிக் குளிர் இருட்டில் வளர்ந்த ஒன்றைக் கொண்டுவந்துதான் நாம் மேற்கு வெயிலில் நிறுத்துகிறோம்.

பழசானால் நல்லது என்ற கதையும் இங்கேதான் அடிபடுகிறது. வைன்களில் பெரும்பகுதி சில வருடத்துக்குள் குடிக்கச் செய்தவை. துவர்ப்பும் புளிப்பும் நன்றாய் உள்ள சிலதுதான் வருடக்கணக்கில் மெருகேறும், அதுவும் 12, 14 பாகையில் இருட்டில் படுத்துக் கிடந்தால்.

சரி, வீட்டுக்கு ஒரு போத்தல் வந்துவிட்டது. ஃபிரிட்ஜின் அடித்தட்டில், மரக்கறிப் பெட்டியில் படுக்கப் போடுங்கள், கோர்க் ஈரமாக இருக்கும். திருகு மூடி என்றால் நிமிர்த்தியும் வைக்கலாம். விசேஷத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வருடத்துக்குள் திறவுங்கள். குடிக்க அரை, முக்கால் மணித்தியாலம் முன் வெளியே எடுங்கள். வெளியே நின்ற போத்தல் என்றால் ஐஸும் தண்ணியும் கலந்த வாளியில் 10, 15 நிமிடம். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் மணம் நிற்க இடமில்லை. மிச்சத்தை மூடித் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், அதற்குமேல் பின்னேரக் கள் கதைதான். நம் வாவி நண்டுக் கறியோடு மட்டும் வேண்டாம்: உறைப்பு துவர்ப்பைத் தூக்கிவிடும், மீன் வகையோடு இரும்பு நக்கின ருசி வரும். கொழுப்புள்ள ஆட்டிறைச்சிப் பொரியல் பொருந்தும்.

இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதை விற்றுச் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன். மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில், அதாவது நிச்சயமாகப் புற்றுநோய் தருகிறவை என்ற வகுப்பில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1988 இலேயே சேர்த்துவிட்டது, பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொன்னது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்கத் தேவையே இல்லை.

போன கிழமை அந்த மாமா வீட்டுக்குப் போனேன். வெறும் போத்தலைக் கழுவி, தண்ணி ஊற்றி, மணி பிளாண்ட் போட்டு அதே சோகேஸில் வைத்திருக்கிறார். அது மட்டும் அந்த வெயிலில் நன்றாய்த் தழைத்திருக்கிறது.