லாக் என்றால் பூட்டா?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். புல் முளைத்த இரண்டு கல்சுவர்கள், நடுவே வற்றிய பள்ளம், ஒரு முனையில் உளுத்துப்போன மரக்கதவு. 'பழைய கால்வாய்ப் பூட்டு, பத்திரமா வச்சிருக்காங்க மாமா' என்று கீழே எழுதியிருந்தான். பத்தமடையிலிருக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வாய்க்கால எவம்ல தூக்கிட்டுப் போவப் போறான், பூட்டு போடுததுக்கு?"

நியாயமான கேள்விதான். அவன் பார்த்தது படகு ஏறி இறங்கும் தொட்டி. ஆங்கிலத்தில் அதற்கு லாக் என்று பெயர், பூட்டுக்கும் அதே சொல்தான். கால்வாயின் மேல்மட்டமும் கீழ்மட்டமும் சேருமிடத்தில், இரண்டு கதவுகளுக்கு நடுவே அது இருக்கும். படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, மேலேயிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால், நீரோடு படகும் உயரும். இறங்க வேண்டுமானால் நீரை வடித்தால் போதும். சீனப் பெருங்கால்வாயில் கி.பி. 984-லேயே இதைக் கட்டிவிட்டார்கள். 1914-இல் திறந்த பனாமா கால்வாயில் கப்பல்கள் 26 மீட்டர் ஏறுவதும் இதே வித்தையால்தான்.

நம் ஊர்க் கன்னடியன் கால்வாயில் மடையும் மதகும் உண்டு, லாக் கிடையாது. தாமிரபரணிக் கால்களெல்லாம் வயலுக்காக வெட்டியவை. மதகு தண்ணீருக்கு வழிவிடுவது, லாக் படகுக்கு வழிவிடுவது. ஆகவே மதகு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோதாவரிப் பக்கம் இந்தச் சங்கடமே இல்லை. 'லாக்குலு' என்று தெலுங்காக்கிவிட்டார்கள்.

பூட்டு ஏன் ஒட்டவில்லை? பூட்டுதல் என்றால் பிணைத்தல். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். ஆங்கில லாக்குக்கோ பழைய பொருள் தாழ், அடைப்பு. வீட்டுக் கதவின் தாழைச் சொன்ன சொல்தான் ஆற்றை மறிக்கும் தடுப்புக்கும், பிறகு இந்தத் தொட்டிக்கும் வந்தது.

அதே வழியில் நடந்த சொல் நம்மிடமும் இருக்கிறது: சீப்பு. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளை அடுக்கும்போது 'எழுவுஞ் சீப்பும்' என்கிறது. வாயிலில் கதவுக்குத் துணையாக நிலத்தில் இறக்கிவிடும் மரங்கள் என்று பொருள் சொல்வார்கள். மலையாளத்தில் இன்றும் நீரை மறித்துத் திறக்கும் அடைப்புக்குச் சீப்பு என்றே பெயர். கோட்டை வாசலில் இறங்கிய மரம் மலைக்கு அந்தப்புறம் தண்ணீருக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

என் கட்சி இது: கதவுக்குச் சீப்பு, தொட்டியும் கதவுகளும் சேர்ந்த முழு அமைப்புக்குப் படகுச்சீப்பு. 'நீர்ப்பூட்டு' என்று எழுதுகிறவர்களோடு சண்டையில்லை, ஆனால் அக்காவின் கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் படகுச்சீப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "படகுல ஏத்துன வாழப்பழமா?" என்கிறாள்.