சன்மானத்தை ரொக்கமாகக் கேட்கும் வித்வான்களுக்கு ஒரு ஆடிட்டரின் வேண்டுகோள்

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் ‘யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. கடைக்காரர் பயம் இப்போது கச்சேரிக்காரர்களையும் பிடித்துக்கொண்டது. நாதஸ்வர செட், பறை செட், பரத வகுப்பு எடுக்கும் டீச்சர் என்று எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ஜீபே வேண்டாம் சார், கையில் கொடுங்க. வரி வந்துடும்.”

யுபிஐக்கு வரி கிடையாது. வருமானத்துக்குத்தான் வரி. செக், ரொக்கம், தாம்பூலத் தட்டில் வைத்த கவர், எப்படி வந்தாலும் சம்பாத்தியம் சம்பாத்தியமே. ஜிஎஸ்டியும் ஆண்டு மொத்த வரவைத்தான் பார்க்கும்; சேவைக்குப் பதிவு வரம்பு 20 லட்சம். சாஸ்திரிய, நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சியென்றால் ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் வரை ஜிஎஸ்டி விலக்கே உண்டு. மெல்லிசை ஆர்கெஸ்ட்ராவுக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் இந்த விலக்கு இல்லை.

ரொக்கம்தான் உண்மையில் ஆபத்து. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகப் போட சட்டத்தில் இடமிருக்கிறது. அட்வான்ஸ் பாதி, கச்சேரி முடிந்து பாதி என்று பிரித்து வாங்கினாலும் அது ஒரே நிகழ்ச்சிதான். வரிக்குப் பயந்து இதில் போய் மாட்டுவதா? வங்கியில் வரவே காட்டாதவருக்கு வீட்டுக் கடனும் சுலபத்தில் கிடைக்காது.

அடுத்த புலம்பல் டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி. சபாக்களும் கம்பெனிகளும் பெரும்பாலும் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஒப்பந்தக் கணக்கில் 1 சதவீதம் பிடிப்பவர்களும் உண்டு. பான் எண் தராவிட்டாலும், ஆதாரோடு இணைக்காமல் அது முடங்கிக் கிடந்தாலும் 20 சதவீதம் போய்விடும். பிடித்த பணம் தொலைந்த பணம் அல்ல, உங்கள் பான் எண்ணில் நிற்கிறது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே வராது. ஆண்டுக்கு 5 லட்சம் சம்பாதித்து அதில் 50,000 டிடிஎஸ் போயிருந்தால், வருமான வரி ரிட்டர்ன் போட்டால் அத்தனையும் திரும்பும். போடத்தான் ஆளில்லை! கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் டிசம்பர் 31-க்குள் தாமத ரிட்டர்னாவது போடுங்கள். அதையும் விட்டால் ரீஃபண்டு கேட்டு அலைய வேண்டியதுதான்.

செட்டை நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எட்டுப் பேர் பணமும் உங்கள் கணக்குக்கு வந்து, உங்கள் பான் எண்ணில் டிடிஎஸ் பிடித்தால், மொத்தமும் உங்கள் வரவாகத்தான் ஏஐஎஸ்ஸில் (வருமான வரித் துறையிடம் உள்ள உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கை) தெரியும். தவில்காரர், ஒத்துக்காரர் பங்கை அன்றைக்கே வங்கி வழியாக அனுப்பி, ‘கச்சேரி பங்கு, தேதி’ என்று குறிப்பு எழுதுங்கள். அவர்கள் கையெழுத்தோடு ஒரு வவுச்சரும் வேண்டும். கச்சேரி வரவுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவு, சீட்டுப் பணம் எதுவும் அதில் கலக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ்ஸைப் பாருங்கள். பிடித்த டிடிஎஸ் அதில் ஏறவில்லையென்றால் உடனே சபாக்காரரிடம் கேளுங்கள். அடுத்த வருஷம் கேட்டால் பொருளாளரே மாறியிருப்பார்.

நிகழ்ச்சி நடத்தும் சங்கத்தினருக்கும் சொல்ல வேண்டும். ‘டிடிஎஸ் போக இவ்வளவுதான்’ என்று மேடையடியில் சொல்லாதீர்கள், தொகை பேசும்போதே சொல்லுங்கள். பிடித்ததைக் கலைஞர்களின் பான் எண்ணில் கட்டி, டிடிஎஸ் சான்றிதழையும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.