உகந்தைக்குப் போகும் பெட்டி: பாரத்தை எங்கே வைப்பது?

ஆடிவேல் விழாவுக்குக் கொடி ஏறும் நாள் நெருங்கினால் போதும், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையான கடற்கரைத் தெருவில் பெட்டி (ட்ரெய்லர்) பூட்டிய உழவு மிசின்களும் (ட்ராக்டர்) கெப் (பிக்கப்) வாகனங்களும் தெற்கு நோக்கிப் போகத் தொடங்கிவிடும். உகந்தை மலை முருகன் கோயிலடியில் கூடாரம் அடித்து நாலைந்து நாள் தங்குவதென்றால் அரிசி, கிடாரம், விறகு, தறப்பாள், பாய், தண்ணீர் எல்லாம் கூடவே போக வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டு வாசலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இவ்வளவு பாரத்தையும் இழுக்குமா?" பெரும்பாலும் இழுத்துவிடும். அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தப் பாரம் பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது?

இரண்டு சில்லுப் பெட்டி அதன் அச்சின் மேல்தான் நிற்கிறது. அச்சுக்கு முன்னால் வைக்கும் பாரம், பெட்டியை வாகனத்தோடு பூட்டும் கொழுக்கியைக் கீழே அழுத்தும், பின்னால் வைக்கும் பாரம் அதை மேலே தூக்கும். கணக்காகவே பார்ப்போம். அச்சுக்கும் கொழுக்கிக்கும் இடையில் 3 மீற்றர், பெட்டியும் சாமானும் சேர்ந்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பாரத்தின் மையம் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால் கொழுக்கியில் 100 கிலோ அழுத்தும். அதாவது நூற்றுக்குப் பத்து. இப்போது ஆளுக்கு 60 கிலோ வீதம் நாலு பேர் பின் கதவடியில், அச்சிலிருந்து ஒன்றேகால் மீற்றர் தள்ளி உட்காருகிறார்கள். கொழுக்கியில் இருந்த அந்த 100 கிலோவும் அப்படியே காணாமல் போய்விடும். இன்னொருவர் ஏறினால் பெட்டி கொழுக்கியை மேலே தூக்கத் தொடங்கும். ஓர் அடி இடைவெளிக்குள் முடிந்துவிடும் விசயம் இது. ஆட்களைப் பெட்டியில் ஏற்றவே கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு, தவறி விழுவார்கள் என்ற பயத்தோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

காரில் கேரவன் பூட்டிச் சுற்றும் பழக்கமுள்ள நாடுகளில் இதற்கென்றே அளவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை கொழுக்கியில் இருக்க வேண்டும் என்பார்கள். பிரித்தானியாவில் 5 முதல் 7 வரை. நம் ஊரில் இதை அளக்க நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசே போதும். சமதரையில் பெட்டியை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வாகனத்தில் பூட்டும் அதே உயரத்துக்கு, பெட்டியின் முன்னால் நீளும் இழுவைச் சட்டத்தை ஒரு மரக்குற்றியால் தாங்கி, அந்தக் குற்றியைத் தராசின் மேல் நிறுத்துங்கள். தராசு காட்டும் எண்ணிலிருந்து குற்றியின் எடையைக் கழித்தால் சரி.

கொழுக்கியில் பாரம் குறைந்தால் உழவு மிசினுக்கு ஒரு மாதிரி, கெப்புக்கு வேறு மாதிரி. மிசினின் பின்சில்லு மண்ணைப் பிடிப்பதே அதன் மேல் அழுத்தும் பாரத்தால்தான். பெட்டி அதைத் தூக்கினால், வழியில் உள்ள பாணமைக்கு அப்பால் மணல் வந்ததும் சில்லு சும்மா சுழலும். அதற்காக எல்லாச் சாமானையும் முன்னால் குவித்தால் மிசினின் முன்சில்லு லேசாகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மிசின் திரும்பாது.

கெப்பில் வரும் ஆபத்து இன்னும் மோசம். ஒரு பக்கக் காற்றோ, முந்திச் செல்லும் பஸ்ஸோ, தெருப் பள்ளமோ பெட்டியின் வாலை ஒரு தடவை ஆட்டிவிடும். மெதுவாகப் போனால் அந்த ஆட்டம் தானே அடங்கும். ஒவ்வொரு வாகனச் சோடிக்கும் ஒரு வேக எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் வண்டி முன்னோக்கி ஓடும் சக்தியே டயர்கள் வழியாக ஆட்டத்துக்குள் பாய்கிறது. ஊஞ்சலை ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல, அடுத்த ஆட்டம் முந்தியதைவிடப் பெரிதாகும். கொழுக்கியில் பாரம் குறையக் குறைய இந்த எல்லை வேகம் கீழே இறங்கும். ஆடத் தொடங்கிவிட்டால் பிரேக்கைப் பலமாக மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பவும் கூடாது. அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். வேகம் எல்லைக்குக் கீழே வந்ததும் ஆட்டம் அடங்கும்.

தராசு சரியான எண்ணைக் காட்டினாலும் ஏமாறலாம். கிடாரங்களை முன் மூலையிலும் அரிசி மூட்டைகளைப் பின் மூலையிலும் வைத்தால் கொழுக்கிக் கணக்குச் சரியாகவே வரும். ஆனால் பாரம் அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக, ஆடத் தொடங்கிய பெட்டியை நிறுத்துவது கடினமாகும். தூரம் இரண்டு மடங்கானால் அந்தக் கடினம் நாலு மடங்கு. பாரமானவை எல்லாம் அச்சின் மேலும் சற்று முன்னாலும் தரையோடு ஒட்டி இருக்கட்டும். பாயும் தறப்பாளும் எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 500 லீற்றர் தாங்கி என்றால் அரை தொன். முழுதாக நிரப்பி மூடிய தாங்கி ஒரு கல்லைப் போல் அசையாமல் இருக்கும். பாதி நிரம்பிய தாங்கிதான் ஆபத்து. வளைவில் தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கம் ஒதுங்கிப் பெட்டியைச் சரிக்கும், பிரேக் பிடித்தால் முன்னுக்குப் பாய்ந்து இடிக்கும், பிறகு திரும்பி வந்து கொழுக்கியைத் தூக்கும். ஒரு பெரிய தாங்கியைப் பாதி நிரப்புவதைவிட, சிறு கான்களை முழுதாக நிரப்பி நெருக்கி அடுக்குவது நல்லது.

வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும்போது உறிஞ்ச வேண்டிய சக்தி நாலு மடங்கு. பெட்டிக்குப் பிரேக் இல்லையென்றால் அதை முழுவதும் இழுக்கும் வாகனமே தாங்க வேண்டும். உழவு மிசினில் இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் மிதி இருக்கிறது. வயலில் குறுகத் திரும்புவதற்கான ஏற்பாடு அது. தெருவில் ஏறும் முன் இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொளுவியைப் போடாமல் விட்டால், அவசரத்தில் கால் ஒரு மிதியில் மட்டும் விழும். மிசின் ஒரு பக்கம் இழுக்க, பெட்டி பின்னாலிருந்து தள்ள, இரண்டும் மடிந்து கவிழும். உழவு முடிந்து நேராகத் தெருவுக்கு வரும் மிசின்களில் அந்தக் கொளுவி கழன்றே கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

டயருக்கு வருவோம். பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். அப்போது பிறக்கும் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. காற்றைக் காலையில், ஓடும் முன்னே அளக்க வேண்டும். 25 பாகையில் 36 பிஎஸ்ஐ இருந்த டயர், ஓடிச் சூடேறி 55 பாகைக்கு வந்தால் ஏறத்தாழ 41 காட்டும். கூடிவிட்டதே என்று வழியில் இறக்கினால், ஆறியதும் தேவையான அளவுக்குக் கீழே போய்விடும்.

சில்லின் நடுவில் பெயாரிங் இருக்கும் குடத்தையும் திறந்து பாருங்கள். மாரியில் வெள்ளத் தெருவில் ஓடிய பெட்டி, வாவியில் தோணி இறக்கிய பெட்டி என்றால் கட்டாயம். ஓடிச் சூடான குடம் திடீரென்று தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்குகிறது. அந்த வெற்றிடத்துக்குள் சீல் ஓரமாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். கிறீஸ் பால் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பெயாரிங்கைக் கழுவிக் காயவைத்துப் புதுக் கிறீஸ் அடிக்காமல் புறப்படக் கூடாது. வழியில் திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ நிறுத்தும்போது இரண்டு குடங்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒன்று மற்றதைவிட நன்றாகச் சுட்டால் அந்தப் பெயாரிங்கில் கோளாறு. அதே நேரம் சில்லு நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடலாம்.

பின் விளக்குகள் மங்கலாக எரிந்தாலோ, சிக்னல் போடும்போது பிரேக் விளக்கும் சேர்ந்து மினுங்கினாலோ பல்பை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலும் எர்த் கோளாறுதான். கடற்கரை உப்புக் காற்றில் கொழுக்கி துருப்பிடிக்கும், அதன் வழியாகத் திரும்ப வேண்டிய மின்சாரம் வழி தெரியாமல் அடுத்த விளக்குக்குள் போகும். எர்த்துக்குத் தனி வயர் ஒன்று இழுத்துவிட்டால் தீரும். இருட்டில் விளக்கில்லாத பெட்டியில் மோதிப் போன உயிர்கள் நம் பக்கத்தில் கொஞ்சமல்ல.

கொழுக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்கே மாற்றிப் போட வேண்டும். கொழுக்கியைப் பூட்டும் ஆணி கழன்றால் இழுவைச் சட்டம் அந்தக் குறுக்குச் சங்கிலியின் மேல் விழும், தரையில் குத்தாது.

மணலில் புதைந்தால் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் மண்ணில் படும் பரப்புக் கூடும், ஏறி வந்துவிடலாம். தார் தெரு வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும். மிசினால் இழுத்தெடுப்பதானால் கயிற்றை மிசினின் பின் அச்சுக்குக் கீழே உள்ள சட்டத்தில்தான் கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே கட்டினால், மிசினின் பின்சில்லு சுழல முடியாமல் அதன் உடம்பே அச்சைச் சுற்றி எழும்பும். கிளட்ச்சை மிதிக்கும் முன்பே அது பின்னால் கவிழ்ந்துவிடும்.

திரும்பும் பயணத்துக்குக் கணக்கு வேறு. அதே 3 மீற்றர் பெட்டியில் அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் முன்னால் வைத்த 500 லீற்றர் தண்ணீர், உகந்தைக்கு வரும்போது கொழுக்கிக்கு 67 கிலோ கொடுத்திருந்தது. இப்போது தாங்கி வெறுமை, அரிசியும் விறகும் தீர்ந்திருக்கும். உகந்தையில் தராசு தேடவும் முடியாது. பூட்டும் முன், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒருவர் இழுவைச் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கட்டும். ஒற்றைக் கையால் சுலபமாக எழும்பினால் கிடாரங்களை முன்னுக்கு நகர்த்தி அடுக்க வேண்டும்.