‘அவோ’ என்றால் நீலம் மட்டும்தானா?

ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகள் கற்கும் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துமுறை) எழுத்துகள் மொத்தம் 80. அவற்றில் நிறத்தைச் சொல்பவை சிவப்பு, வெள்ளை, அப்புறம் ‘அவோ’. பாடக் கையேடுகள் அவோவுக்கு நேரே ‘நீலம்’ என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். அதை நம்பி மனப்பாடம் செய்தவர் கடைக்குப் போனால் திகைத்து நிற்பார். அங்கே பச்சை ஆப்பிளுக்கு ‘அவோரிங்கோ’ என்று பெயர். கீரை, காய்கறி வகைக்கு ‘அவோமோனோ’. இளந்தழைக்கு ‘அவோபா’.

முதலில் ஒலி. இது அ, ஒ என்ற இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்கும் சொல். நடுவில் மெய் கிடையாது. நாம் சொல்லும்போது உடம்படுமெய்யாக ஒரு வகரம் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. எழுத வசதிக்காக நானும் ‘அவோ’ என்றே எழுதுகிறேன்; பேசும்போது வகரத்தை அழுத்தாமல் விடுங்கள். சீனத்திலிருந்து வந்த கூட்டுச்சொற்களில் இதே எழுத்து பெரும்பாலும் ‘செய்’ என்று ஒலிக்கும்.

எழுத்துக்கு எட்டுக் கோடுகள். மேலே மூன்று கிடைக்கோடுகளை ஒரு நேர்கோடு ஊடுருவி நிற்கும். கீழே இருப்பது பார்க்க நிலவைக் குறிக்கும் எழுத்து மாதிரியே இருக்கும். ஆனால் நிலவுக்கும் இதற்கும் உறவு இல்லை. மேல்பாதி மண்ணைக் கீறி வரும் செடியின் உருவம். கீழ்ப்பாதி சாயக்கல் தோண்டும் குழி என்பது ஒரு விளக்கம், கிணறு என்பது இன்னொன்று. கி.பி. 100 வாக்கில் சீன அறிஞர் ஷூ ஷென் தொகுத்த அகராதி இதைக் ‘கிழக்கின் நிறம்’ என்கிறது. பழைய சீன ஐம்பூதக் கணக்கில் கிழக்கு, மரம், வசந்தம் மூன்றும் ஒரே வரிசை. இளமைக்கு ஜப்பானியர் சொல்லும் ‘செய்ஷுன்’ அங்கிருந்து வந்ததுதான்: அவோவும் வசந்தமும் சேர்ந்த சொல். அதை ‘நீல வசந்தம்’ என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. துளிர் நிறத்து வசந்தம் என்றால் உடனே புரிகிறது.

இலக்கணமும் இதையே காட்டுகிறது. ஜப்பானிய மொழியில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு, அவோ நான்கும் பழைய நிறச்சொற்கள். இவற்றின் பின்னால் ஓர் ‘இ’ சேர்த்தால் போதும், பெயரடை ஆகிவிடும்: அகாய், ஷிரோய், குரோய், அவோய். பச்சைக்கு இன்று வழங்கும் ‘மிதோரி’ அப்படி ஆகாது, ‘நோ’ என்ற உருபு வேண்டும். தனி நிறப்பெயராக அது பின்னால் நிலைபெற்றது. அதுவரை வானமும் இலையும் அவோவுக்குள்ளேயே இருந்தன.

அந்தப் பழக்கம் சட்டத்தையே வளைத்தது. 1930இல் தோக்கியோவின் ஹிபியா சந்திப்பில் மின்சார சிக்னல் விளக்கு வந்தபோது அதிகாரப்பூர்வப் பெயர் பச்சை விளக்குதான். மக்கள் ‘அவோ’ என்றே சொன்னார்கள். 1947இல் சட்டமும் அதையே ஏற்றுக்கொண்டது. 1970களில் விளக்கின் பச்சையையே நீலம் கலந்த சாயலுக்கு மாற்றினார்கள். சொல்லுக்கு ஏற்றபடி விளக்கே மாறிய கதை இது!

சரி, தமிழில் நேர்ச்சொல் எது? வானம், கடல் என்று வந்தால் ‘நீலம்’. அதில் சிக்கல் இல்லை. ஆனால் அவோவின் உள்மனது நம் ‘பசுமை’யோடுதான் சேரும் என்பேன். பழுக்காத காய் அவோய். நாமும் பச்சைக்காய் என்கிறோம். ‘அவோகுசாய்’ என்றால் இலை, புல்லின் பச்சை வாடை. பச்சை வாசனை போக வதக்கு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே. முதிராத பேச்சுக்கும் அந்தச் சொல்லே போகும்.

இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. அச்சத்தாலோ நோயாலோ முகம் வெளிறினால் ‘அவோசமேரு’. நிறத்தை வைத்து வெளிறலைச் சொல்வது பிறருக்கு விந்தையாகப் படலாம், நமக்குப் படக்கூடாது. பிரிவால் மேனி நிறம் மாறுவதைப் பசலை, பசப்பு என்று ‘பசு’ அடியிலிருந்தே சொன்னவர்கள் நாம். திருக்குறளில் அதற்குப் ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அந்த அடி இலையோடு நிற்கவில்லை, பசும்பொன் என்று பொன்னையும் தொட்டது.

ஆகவே இடம் பார்த்துச் சொல்லுங்கள்: வானத்துக்கு நீலம், தழைக்குப் பசுமை, காய்க்குப் பச்சை, முகத்துக்கு வெளிறல். அவோமோரி என்ற வடக்கு மாநிலத்தின் பெயரை ‘நீலக்காடு’ என்று எழுதுவதைவிடப் ‘பசுங்காடு’ என்றால்தான் எனக்கு நிறைவு.

மிதோரியும் முதலில் துளிரைச் சுட்டிய சொல்தான் என்பார்கள். 8ஆம் நூற்றாண்டு ஜப்பானியக் குடிக்கணக்குகளில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பச்சையைக் குறிக்கும் எழுத்தால் பதிந்தார்கள். கைக்குழந்தைக்கு இன்றும் ‘மிதோரிகோ’ என்ற சொல் உண்டு. அதாவது, பச்சைக் குழந்தை.