தெருவிலிருந்து வந்த பூனை சினையா? முதலில் காம்பைப் பாருங்கள்

"டாக்டர், தெருவுல கிடந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டோம். வயிறு பெருசா இருக்கு, மாசமா இருக்கும்போல." கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கூடையைத் திறந்து பார்த்தால் உள்ளே சினைப் பூனையே இருக்கலாம். வயிறு முழுக்கப் புழுவோடு ஆறு மாதக் குட்டி இருக்கலாம். முந்தின நாள் குட்டி போட்டுவிட்டு இரை தேடி வந்த தாயாக இருக்கலாம். கடுவனாகக்கூட இருக்கலாம்.

கடுவன் என்றதும் சிரிக்க வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்ட ஆண் பூனைக்கு அடிவயிறு உப்பிக் கல்லாக இறுகிவிடும். மணலில் போய்ப் போய் உட்காரும், கத்தும், ஒன்றும் வராது. அதைச் சினை என்று நினைத்து ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்த்தால் உயிரே போய்விடலாம். ஆகவே வாலைத் தூக்கி ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள். தெரியவில்லை என்றால் நிறம் கொஞ்சம் உதவும். கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் கலந்த பூனை அநேகமாகப் பெண்தான். முழு ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் ஆண். காதையும் பாருங்கள். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் யாரோ ஏற்கெனவே கருத்தடை செய்து விட்ட பூனை, சினைக்கு வாய்ப்பில்லை.

பெண்தான் என்றால், சினையா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே குட்டி போட்டுவிட்டதா? மீட்பவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. நல்ல மனசோடு தாயை மட்டும் தூக்கி வந்துவிடுகிறார்கள். குட்டிகள் ஏதோ ஒரு மாடிப்படிக்கு அடியில் பசியில் கிடக்கும். பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் வேண்டும், தாயின் சூடும் வேண்டும். ஒரு ராத்திரி தாண்டுவதே சிரமம்.

வித்தியாசம் காம்பில் தெரியும். சினையின் மூன்றாவது வாரத்தில் காம்புகள் இளஞ்சிவப்பாகிக் கொஞ்சம் புடைக்கும். ஆனால் சுற்றிலும் மயிர் இருக்கும், காம்பு காய்ந்திருக்கும். குட்டி குடித்துக்கொண்டிருக்கும் தாய்க்குக் காம்பு நீண்டு, அதைச் சுற்றி மயிர் வட்டமாகத் தேய்ந்தோ எச்சிலில் ஒட்டியோ இருக்கும். லேசாக அழுத்தினால் பால் கசியும். வயிறும் அப்படியே. சினைப் பூனையை மேலேயிருந்து பார்த்தால் இரண்டு விலாவும் வெளியே தள்ளியிருக்கும். குட்டி போட்டதற்கு வயிறு தொளதொளவென்று தொங்கும், வாலடியில் காய்ந்த ரத்தக் கறை இருக்கலாம். பிரசவத்துக்கு ஓரிரு நாள் முன்பே சிலவற்றுக்குப் பால் சுரந்துவிடும் என்பதால் குழப்பம் வரும். அப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பால் இருக்கிறது, வயிறு காலி என்றால் குட்டிகள் எங்கேயோ இருக்கின்றன.

அப்படியானால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டு, தள்ளி நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே வழி காட்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், கட்டடம் கட்டும் இடத்தில், ஓடாமல் நிற்கும் ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் என்று எங்கும் இருக்கலாம். அந்தத் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர், வாட்ச்மேன், இஸ்திரிக்காரர் யாரையாவது கேட்டாலே பாதி நேரம் பதில் கிடைத்துவிடும். எடுப்பதென்றால் தாயையும் குட்டிகளையும் சேர்த்து எடுங்கள்.

சரி, குட்டி போடவில்லை. சினைதானா? பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம், சராசரியாக 63 முதல் 65 நாள். தெருவிலிருந்து வந்த பூனைக்கு எந்த நாளில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் சிக்கல். நாலாவது ஐந்தாவது வாரத்துக்குப் பிறகுதான் வயிறு கண்ணுக்குத் தெரியும். மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் நாங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்தால் நூலில் கோத்த மணிபோலத் தனித்தனியாகத் தட்டுப்படும். அதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், அழுத்தினால் கரு கலையலாம். ஸ்கேனில் மூன்று வாரத்துக்கு மேல் தெரியும், இன்னும் சில நாளில் இதயத் துடிப்பும் தெரியும். எக்ஸ்ரே 45 நாளைக்குப் பிறகுதான் பிரயோஜனம், குட்டிகளின் எலும்பு அப்போதுதான் படத்தில் விழும். கடைசி வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்து மண்டையை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. நாலு இருக்கிறது என்று தெரிந்தால், மூன்று பிறந்து நின்றுபோகும்போது என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இந்த வசதி இல்லாவிட்டால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை விசாரியுங்கள்.

மருந்துக்கடையில் பெண்களுக்கு விற்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கிப் பூனைக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அந்த அட்டை தேடும் ஹார்மோன் பூனைக்குச் சுரப்பதே இல்லை. பத்து முறை போட்டாலும் ஒரு கோடுதான்.

"இதுவே குட்டி டாக்டர், இதுக்கு எப்படி?" என்று கேட்பார்கள். ஐந்து மாதத்திலேயே பூனை சினைப்படும். நம் ஊர் வெயிலுக்கு இன்ன மாதம்தான் என்ற கணக்கெல்லாம் இல்லை, ஏறக்குறைய ஆண்டு முழுக்கப் பருவத்துக்கு வரும். அதே சமயம், முதுகெலும்பு தெரிய மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அது வேறு பெரிய நோய். பின்புறம் சீழ் வடிந்து, தண்ணீராகக் குடித்துக்கொண்டு, சோர்ந்து படுத்திருந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். இவை எல்லாவற்றுக்கும் வெளியே தெரிவது ஒரே பெரிய வயிறுதான்.

அதனால் என் யோசனை இது: மருத்துவர் பார்த்து உறுதியாகச் சொல்லும்வரை அதைச் சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லையென்றால், சினை இல்லாத பூனையைச் சினையாக நடத்துவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மாற்றி நடந்தால்தான் ஆபத்து, அதுவும் பெரும்பாலும் மருந்தால்.

மீட்டவுடன் எல்லோருக்கும் வரும் ஆசை மூன்று: குளிப்பாட்ட வேண்டும், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். மூன்றையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பூனைகளுக்குப் போடும் மூன்று நோய்க் கூட்டுத் தடுப்பூசிகளில் பல, உயிருள்ள பலவீனப்படுத்திய வைரஸால் ஆனவை. சினையில் போட்டால் அதிலுள்ள பான்லூக்கோபீனியா (பூனைகளைக் கொல்லும் வாந்தி, கழிச்சல் நோய்) வைரஸ் குட்டிகளின் சிறுமூளையைத் தாக்கலாம், நிற்க முடியாமல் தள்ளாடும் குட்டிகள் பிறக்கலாம். மனிதர்களுக்கான பூச்சி மருந்து சிரப்பில் இருப்பது பெரும்பாலும் ஆல்பெண்டசோல், அது கருவுக்கு ஆகாது. சினையிலும் கொடுக்கக்கூடிய பூச்சி மருந்துகள் இருக்கின்றன, எடை பார்த்து நாங்கள் தருவோம். படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின் குட்டிகளை ஊனமாக்கும். ஸ்டீராய்டு ஊசி கருவைக் கலைக்கலாம். நாய்க்குப் போடும் உண்ணிச் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் சினையோ இல்லையோ, பூனை வலிப்பு வந்து செத்துப்போகலாம். தெள்ளுப்பூச்சிக்குப் பேன் சீப்பு போதும், வாரி வாரிச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அந்த அரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இருக்கும் அறையைப் பினாயில், டெட்டால் போட்டுக் கழுவவும் வேண்டாம். காலில் பட்டதை நக்கும், அதுவும் நஞ்சுதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்களுக்குப் போடும் மூன்று மாதக் கருத்தடை ஊசியைத் தெருப் பூனைகளுக்கும் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செலவு குறைவு, அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று நினைக்கிறார்கள். பிரசவ வலி தொடங்க, சினையைத் தாங்கி நிறுத்தும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் உடம்பில் குறைய வேண்டும். அந்த ஊசியோ புரோஜெஸ்ட்ரோன் செய்யும் வேலையையே செய்யும் மருந்து. ஏற்கெனவே சினையான பூனைக்குப் போட்டால் நாள் கடந்தும் வலி வராது, குட்டிகள் உள்ளேயே செத்து அழுகும். சினை இல்லாததற்குப் போட்டால் மடி வீங்குவதும் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும் வரும். நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிறவர்கள்தான் எல்லோரும், ஆனால் அந்த ஊசி வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பால்சோறும் தயிர்சாதமும் பூனைக்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றாலே போகும். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்து வந்தே ஆக வேண்டும், தன் உடம்பில் போதுமான அளவு செய்துகொள்ளத் தெரியாது. டாரின் குறைந்தால் பார்வை போகும் என்று 1970-களிலேயே தெரிந்தது. இதயத் தசை தளர்ந்து சாவதற்கும் அதுவே காரணம் என்பது 1987-இல் நிரூபணமானது. சினைக்காலத்தில் குறைந்தால் கரு தங்காது, தங்கினாலும் குட்டிகள் சோப்பையாக இருக்கும். குட்டிப் பூனைகளுக்கான பாக்கெட் உணவைச் சினைக்கும் கொடுக்கலாம், பால் கொடுக்கும்போதும் கொடுக்கலாம். கட்டுப்படியாகாவிட்டால் வேகவைத்த கோழி, கோழி இதயம், முள் எடுத்த மீன், அவித்த முட்டை, கூடக் கொஞ்சம் சோறு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும், சோற்றில் ஊற்றிப் பிசையுங்கள். பச்சை மத்தி வேண்டாம், ஈரல் வாரத்துக்கு ஒரு சிறு துண்டுக்கு மேல் வேண்டாம். வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு மீன் கூடவே கூடாது. சைவ வீட்டுக்காரர்கள் பாக்கெட் உணவுக்கு மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் வேண்டும், பூனைக்கு வேறு வழியில்லை. கால்சியம் டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். சினையில் அதிகமாகக் கொடுத்தால், பால் கொடுக்கும் காலத்தில் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் மந்தமாகி உடம்பு வெட்டி இழுக்க இடம் கொடுக்கும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதியதை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள். பயந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தால் இழுக்க வேண்டாம். பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பூனை கடிக்கும் அது பொருந்தும், பலர் நாய்க்கு மட்டும் என்று நினைக்கிறார்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடனே பூனையை வெளியே விடச் சொல்கிறார்கள் உறவினர்கள். வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பற்றிய பயம் அது. பொதுவாகப் பூனை முதன்முதலில் தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம்தான் அந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றும். வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத கறியும் கழுவாத காய்கறியும்தான் இன்னும் பெரிய வழி.

பிரசவத்துக்குப் பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டி, உள்ளே பழைய பருத்திப் புடவை, ஆள் நடமாட்டமில்லாத மூலை. அதை விட்டுவிட்டு பீரோவுக்குள் போய்ப் போட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். தொந்தரவு செய்தால் நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரும் பூனையும் உண்டு, அதன் முகம் தெளிவாக இருந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் பயமில்லை. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராதது, பாதி வந்து மாட்டிக்கொண்டது, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகவோ ரத்தமாகவோ வடிவது, எழ முடியாமல் துவள்வது, இவற்றில் எது நடந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். குட்டியை இழுக்காதீர்கள். நஞ்சுக்கொடியைத் தாய் தின்னும், தின்னட்டும்.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஏறாத குட்டிதான் முதலில் எங்களிடம் வர வேண்டியது. சில்லிட்டுப் போன குட்டிக்கு வாயில் பால் ஊற்றாதீர்கள், செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பால்.

சினையோடேயே கருத்தடை செய்துவிடலாமா என்று கேட்பவர்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். ஆரம்ப வாரங்களில், பூனை ஆரோக்கியமாக இருந்தால் செய்ய முடியும். தெருவில் குட்டிகளின் கதி என்னவென்று பார்க்கிறவன் என்ற முறையில் அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். கடைசி வாரங்களில் ரத்தக் குழாய்கள் பெருத்திருக்கும், அபாயம் கூடும். அப்போது பிறக்கவிட்டுப் பிறகு செய்வதையே சொல்வேன். முடிவு வீட்டாருடையது, ஆனால் அதை எடுக்கவும் வாரக் கணக்கு தெரிய வேண்டும். ஸ்கேனுக்குச் சீக்கிரம் வரச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான்.

பிறந்த பிறகு, குட்டிகள் எட்டு வாரத்தில் பால் மறந்ததும், மடி வற்ற இரண்டு வாரம் விட்டுத் தாய்க்குக் கருத்தடை செய்துவிடலாம். அதுவரை கதவு சாத்தியே இருக்கட்டும். பால் கொடுக்கும்போது சினைப்படாது என்பது பூனை விஷயத்தில் பொய், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பருவம் வந்துவிடும். குட்டிகளையும் நாலு மாதத்தில் கொண்டு வாருங்கள். அண்ணன் தங்கை என்ற உறவெல்லாம் அவற்றுக்குக் கிடையாது.