ஓதம் கூட்டிவைக்கும் சந்திப்புகள்

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகல். சிங்கப்பூரில் சாங்கிக்குக் கிழக்கே, கரையை ஒட்டி நங்கூரம் போட்டுக் காத்திருந்தேன். வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து மெல்ல வீசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கடல் வற்றிக்கொண்டிருந்ததால் ஜொகூர் நீரிணையின் நீர் முழுவதும் எனக்கு எதிராக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. 6 மீட்டர் நீளமுள்ள என் பாய்மரப்படகு நீரைக் கிழித்துக்கொண்டு முன்னேறுவதுபோல் தோன்றினாலும், கரையிலிருந்த ஒரு மரம் அரை மணி நேரமாக அதே இடத்தில் நின்றது. என்னைப் போலவே இன்னும் மூன்று படகுகள் அங்கே நங்கூரமிட்டிருந்தன. அவற்றுள் நீல நிறப் படகு ஒன்று சிறிது சிறிதாக என்னை நெருங்கி வந்தது. அதில் இருந்த பெரியவர் எழுந்து நின்று தமிழிலேயே கேட்டார்.

"தம்பி, எத்தனை மீட்டர் கயிறு விட்டிருக்கீங்க?"

"முப்பது, அண்ணே."

"நானும் அவ்வளவுதான். கீலை மேலே தூக்கி வெச்சிருக்கீங்களா?"

ஆம் என்றேன். "அப்போ நீங்கதான் என் பக்கம் வர்றீங்க, நான் வரலை" என்று சொல்லி, படகுகள் உரசாமல் தடுக்கும் காற்றடைத்த ஃபெண்டர் ஒன்றை இரு படகுகளுக்கும் நடுவே தொங்கவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

நங்கூரமிட்ட படகை இரண்டு விசைகள் இழுக்கின்றன. நீருக்கு மேலே உள்ள உடலையும் பாய்மரத்தையும் காற்று தள்ளுகிறது. நீருக்குக் கீழே உள்ள பகுதியை நீரோட்டம் தள்ளுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஒரே அளவுள்ள பரப்பின்மீது மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் ஓடும் நீர் தரும் அழுத்தத்தைக் காற்று தர வேண்டுமானால், அது மணிக்கு 28 கடல் மைலுக்கும் மேலான வேகத்தில் வீச வேண்டும். ஆகவே நீரோட்டம் வலுவாக இருக்கும்வரை எல்லாப் படகுகளும் ஒரே திசையில், ஓடை மீன்களைப் போல நீரை எதிர்நோக்கி நிற்கும். ஓட்டம் தளரத் தொடங்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. கீல் என்பது படகின் அடியில் செங்குத்தாக இறங்கியிருக்கும் கனத்த தகடு. ஆழமான கீலுடைய படகு, மிச்சமிருக்கும் சிறு ஓட்டத்துக்கும் கட்டுப்பட்டு நிற்கும். கீலை உயர்த்திவிட்ட என் படகைப் போன்ற இலேசான படகோ காற்றின் பக்கம் முதலில் திரும்பிவிடும். இருவரும் ஒரே நீளக் கயிற்றைத்தான் விட்டிருந்தோம், ஆனால் அந்தக் கால் மணி நேரம் எங்கள் படகுகள் வெவ்வேறு எசமானர்களுக்கு அடங்கி நின்றன. அதனால் அவை ஒன்றையொன்று நெருங்கின. அதனால் நாங்கள் பேசினோம்.

சிறு பாய்மரப்படகு வைத்திருப்பவர்களிடம் கேட்டால், கடலில் கிடைத்த நட்புகளைத் தற்செயல் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. யாரும் யாரையும் அழைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் யார் எப்போது எங்கே இருக்க முடியும் என்பதைக் காற்றும், ஓதம் எனப்படும் கடல்நீரின் ஏற்ற இறக்கமும், படகின் நீளமும் முன்னமே பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன.

முதலில் காற்று. எந்தப் பாய்மரப்படகும் காற்று வரும் திசையை நோக்கி நேராகச் செல்ல முடியாது. வளைந்த பாய், காற்றைத் திசைதிருப்புவதால் ஒரு விசையைப் பெறுகிறது. அந்த விசையில் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும்போது, கீல் அதைத் தடுத்து, மீதியை முன்னோக்கிய ஓட்டமாக மாற்றித் தருகிறது. காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகைக்கும் குறைவாக நெருங்கினால் பாய் படபடத்துச் செயலிழந்துவிடும். எனவே எதிர்காற்றில் செல்ல வேண்டியவர் வலமும் இடமுமாக நெளிந்து நெளிந்துதான் முன்னேற வேண்டும். ஒரு கடல் மைல் முன்னேற 1.4 கடல் மைல் ஓட வேண்டும். ஒருபுறம் கரை, மறுபுறம் பெரிய கப்பல்களின் தடம் என்று ஒடுங்கிக் கிடக்கும் நம் நீர்ப்பரப்பில் இப்படி நெளியும் இரண்டு படகுகள் ஒருமுறை அல்ல, ஏழெட்டு முறை ஒன்றின் பாதையை மற்றொன்று வெட்டிச் செல்லும். யார் விலக வேண்டும் என்பதை 1972ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகளில் 12ஆம் விதி சொல்கிறது: இடப்பக்கத்திலிருந்து காற்றைப் பெறும் படகு, வலப்பக்கத்திலிருந்து பெறும் படகுக்கு வழிவிட வேண்டும். முதல்முறை வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்கிறோம். நான்காவது முறை கடக்கும்போது முகம் பழகிவிடுகிறது.

அடுத்தது ஓதம். ஜொகூர் நீரிணையின் குறுக்கே 1924ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கடற்பாலம் அணைபோல் நீரின் போக்கை நடுவில் அடைத்துவிட்டதால், கிழக்குப் பகுதிக்குள் புகும் நீர் மறுபக்கம் போக வழியின்றி வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கிறது. ஏற்றத்தின்போது உள்ளே, வற்றத்தின்போது வெளியே. இதன் விளைவைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு, நெளிந்து செல்வதால் எதிர்காற்றில் மணிக்கு 2.8 கடல் மைல்தான் முன்னேறும். நீரோட்டம் மணிக்கு 2 கடல் மைல் எதிராக இருந்தால் மிஞ்சுவது 0.8, துணையாக இருந்தால் கிடைப்பது 4.8. மூன்று கடல் மைல் தொலைவுக்கு, ஒன்றில் மூன்றே முக்கால் மணி நேரமும் மற்றொன்றில் முப்பத்தெட்டு நிமிடமும் ஆகும். இதை அறிந்த எவரும் ஓதத்தை மீறிப் புறப்பட மாட்டார். ஆகவே வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவர்களும் ஒரே அரை மணி நேரத்துக்குள் ஒரே நீர்ப்பரப்பில் இறங்குகிறார்கள், தவறவிட்டவர்கள் ஒரே இடத்தில் நங்கூரமிட்டுக் காத்திருக்கிறார்கள். சாங்கி முனையிலிருந்து உபின் தீவுக்குச் செல்லும் பம்போட் என்ற சிறு பயணிகள் படகில் பன்னிரண்டு பேர் சேரும்வரை முன்பின் அறியாதவர்கள் பெஞ்சில் அமர்ந்து பேசத் தொடங்குவதை நினைத்துக்கொண்டால் போதும்.

சேர்ந்து புறப்பட்டவர்கள் வழியில் ஏன் பிரிந்துவிடுவதில்லை? இதற்கான விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. படகு ஓடும்போது தன் முன்முனையில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் படகுக்கு உள்ள நீளத்தை எட்டும்போது, படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் அகப்பட்டு, முன்னாலுள்ள முகட்டின்மீது ஏற முயல்வதாகிறது. அதற்குமேல் எவ்வளவு காற்று கிடைத்தாலும் வேகம் சிறிதளவே கூடும். நீர்க்கோட்டு நீளம் 6 மீட்டர் என்றால் இந்த எல்லை மணிக்குச் சுமார் 5.9 கடல் மைல்; 7 மீட்டர் என்றால் 6.4. இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் இடைவெளி ஒரு கடல் மைலைத் தாண்டாது, அதாவது பார்வைக்குள்ளேயே இருப்பார்கள். 400 மீட்டர் கொள்கலன் கப்பலுக்கு இதே எல்லை மணிக்கு 48 கடல் மைலுக்கும் மேல் என்பதால், அது இந்தத் தடையை உணர்வதே இல்லை. நீர்மேல் வழுக்கி ஓடக்கூடிய இலேசான பந்தயப் படகுகள் மட்டும் இதற்கு விலக்கு.

காற்று குறைந்த வேளைகளில் இன்னொன்றும் நிகழ்கிறது. நீர்ப்பரப்பில் காற்று திட்டுத்திட்டாகத்தான் இறங்கும். அடுத்த திட்டு எங்கே இருக்கிறது என்பதை அறிய மிகச் சிறந்த கருவி, தொலைவில் உள்ள மற்றொருவரின் பாய்தான். அது புடைத்திருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா, படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மணிக்கணக்கில் கவனித்துக்கொண்டே இருக்கிறோம். அவரும் நம்மை அப்படியே கவனிக்கிறார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்கிலிருந்து வரும் சுமத்ராப் புயற்காற்று வீசும்போது இந்தக் கவனிப்பு உயிர்காக்கும் ஒன்றாகிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 20 கிலோமீட்டரில் வீசிய காற்று 60 ஆகும்போது பாயின்மீதான விசை ஒன்பது மடங்காகிறது. தனியாளாகப் பாயை இறக்கத் திணறும் ஒருவரை அடுத்த படகுக்காரர் பார்த்தும் பாராமல் போனதை நான் கண்டதில்லை.

அன்றைய பிற்பகலுக்கு வருகிறேன். நீரோட்டம் முழுதும் அடங்கியதும் பெரியவரின் படகும் காற்றின் பக்கம் திரும்பிக்கொள்ள, எங்களுக்கிடையே மீண்டும் முப்பது மீட்டர் இடைவெளி உண்டானது. அதற்குள் அவர் ஈசூனில் இருப்பதையும், படகைத் தம் கையாலேயே சாயமடித்ததையும், என் நங்கூரக் கயிற்றின் நுனியில் இன்னும் சில மீட்டர் சங்கிலி சேர்த்தால் பிடிப்பு கூடும் என்பதையும் சொல்லியிருந்தார். ஏற்றம் தொடங்கியது; நான்கு படகுகளும் பத்து நிமிட இடைவெளிக்குள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு உள்நோக்கி ஓடின. ஃபெண்டரைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அவருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கவில்லை.

ஆனால் ஓதம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் அது ஆறு மணி நேரத்தை நெருங்குவதால், அடுத்த சனிக்கிழமை அதே வேளையில் வற்றத்துக்குப் பதில் ஏற்றம் இருக்கும். வார இறுதியில் மட்டும் படகெடுப்பவர்களின் கால அட்டவணை முழுவதும் தலைகீழாகிவிடும். இரண்டு வாரத்தில் அந்தத் தள்ளிவைப்பு ஓர் ஓதச் சுற்றான 12 மணி 25 நிமிடத்தை ஏறத்தாழ நிறைவுசெய்துவிடும். அதாவது பதினான்காம் நாள், அதே வற்றம் தோராயமாக 40 நிமிடம் முன்கூட்டியே முடியும். அந்தக் கணக்கின்படி, ஃபெண்டரைக் கழுவி எடுத்துக்கொண்டு, முன்னைவிட 40 நிமிடம் முந்தி அதே கரையோரத்துக்குப் போனேன். நீலப் படகு எனக்கு முன்பே வந்து நங்கூரம் போட்டிருந்தது.