லைட்: ஒரே சொல்லுக்குள் நாலு பொருள்

எண்ணெய் பாட்டிலில் 'லைட்' என்று போட்டிருந்தது. கலோரி கணக்குப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்த முதல் மாதம், அந்த ஒரு சொல்லை நம்பி ஆலிவ் எண்ணெய் வாங்கினேன். கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிச் சமைத்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த அட்டவணையைப் படிக்க இரண்டு வாரம் ஆனது. ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 120 கலோரி. சாதாரண ஆலிவ் எண்ணெயிலும் அதேதான். அங்கே 'லைட்' என்றால் நிறமும் மணமும் மெலிந்தது என்று பொருள், கலோரி குறைந்தது என்று அல்ல.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் விளக்குக்குச் சொல்லும் லைட் வேறு, கனமில்லாததைச் சொல்லும் லைட் வேறு. ஒலி ஒன்றானாலும் பிறப்பு வேறு. இரண்டுக்கும் சமஸ்கிருதத்தில் உறவுக்காரர்கள் உண்டு, அவர்கள் தமிழுக்கும் வந்திருக்கிறார்கள். கனமில்லாத லைட்டும் சமஸ்கிருத 'லகு'வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. அந்த லகுதான் தமிழில் முன்னால் ஓர் இகரம் சேர்த்துக்கொண்டு 'இலகு' ஆனது. விளக்கு லைட்டுக்கு உறவு யார் தெரியுமா? 'ருசி'! சமஸ்கிருதத்தில் ருசி என்றால் முதலில் ஒளி. பிறகு விருப்பம், அப்புறம்தான் சுவை. ருசி குறையாமல் லைட்டாகச் சமைப்பது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அந்த இரண்டு சொல்லுமே இந்த இரட்டை லைட்டின் சொந்தங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழில் 'இலகுதல்' என்று தனியாக ஒரு வினை இருக்கிறது. இலங்குதல், அதாவது ஒளிர்தல் என்று பொருள். ஆக ஆங்கில லைட்டைப் போலவே தமிழ் இலகுவுக்கும் ஒளி, கனமின்மை என்று இரண்டு முகம். முழுக்கத் தற்செயல்தான், ஆனாலும் இதை முதலில் கவனித்தபோது அகராதியை மூட மனம் வரவில்லை.

பேச்சுத்தமிழில் இந்தச் சொல் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. "லைட்டா பசிக்குது" என்றால் கொஞ்சம். "ராத்திரிக்கு லைட்டா ஏதாவது" என்றால் அளவு குறைவாக, அல்லது வயிற்றைப் படுத்தாததாக. இந்த இடங்களில் நம்மிடம் 'லேசாக' ஏற்கனவே இருக்கிறது. அதுவும் சிறு துளி என்ற பொருள் கொண்ட சமஸ்கிருத 'லேசம்' தந்ததுதான். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'நொய்ம்மை' உண்டு. ஆனால் நொய்ந்தது என்றாலே நலிந்தது என்று காதில் விழுவதால், ஆசையாகச் சாப்பிடப்போகும் பண்டத்துக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனமில்லை. 'மென்' என்பதை மென்பானம் எடுத்துக்கொண்டுவிட்டது.

சிக்கல் பொட்டலத்தின் மேல் வரும் லைட்டில்தான். அங்கே அது எடையைச் சொல்லவில்லை, பெரும்பாலும் கலோரியைச் சொல்கிறது. கலோரியோ வெப்பத்தின் அளவு. லத்தீனில் 'கலோர்' என்றால் வெப்பம். பாரிசில் 1820களில் நிக்கோலா கிளெமான் என்ற வேதியியலாளர் தம் வகுப்புகளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. ஒரு கிராம் தண்ணீருக்கான குட்டிக் கலோரி பிறகு வந்தது. உணவில் நாம் சொல்வது பெரியதைத்தான், அதாவது கிலோகலோரியை. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4, கொழுப்பில் 9 என்று இன்று எல்லாரும் போடும் கணக்கு அமெரிக்காவின் வில்பர் அட்வாட்டரின் ஆய்வுகளிலிருந்து வந்தது. தண்ணீருக்குச் சுழியம். கலோரிக்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டியதில்லை என்பது என் கட்சி. கிராம், மீட்டர் போல அதுவும் ஓர் அளவுப்பெயர், அப்படியே இருக்கட்டும்.

தண்ணீருக்குச் சுழியம் என்பதால்தான் லைட் உணவு தராசில் லைட்டாக இருப்பதில்லை. சமையலறையில் ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். வேகவைத்த உருளைக்கிழங்கு அரைக் கிலோ, அதில் 100 கிராம் வெண்ணெய் போட்டு மசித்தால் 600 கிராம், கிட்டத்தட்ட 1150 கலோரி. அதே கிழங்கில் வெண்ணெயை 20 கிராமாக்கி, கொழுப்பு நீக்கிய பால் 120 கிராம் சூடாக ஊற்றி மசித்தேன். 640 கிராம், சுமார் 615 கலோரி. எடை கூடியது, கலோரி பாதியானது. கடைசியில் மேலே போட்ட மிளகும் வறுத்த பூண்டும் வெண்ணெய் இல்லாத குறையைப் பெரும்பாலும் மூடிவிட்டன. முழுதாக மூடின என்று சொன்னால் பொய்.

ஐஸ்கிரீமில் கதை வேறு. அதில் காற்றைக் கலந்து அடிப்பார்கள். காற்று கூடினால் ஒரு கோப்பையின் எடையும் குறையும், கலோரியும் குறையும். அங்கே லைட் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது. இரண்டு ஐஸ்கிரீமை ஒப்பிடும்போது கோப்பைக் கணக்கை விட்டுவிட்டு 100 கிராம் கணக்கைப் பார்ப்பது அதனால்தான்.

இந்த ஒரு சொல்லை நாலாகப் பிரித்துவிடலாம். அளவு குறைவு என்றால் 'லேசாக'. எளிதில் செரிப்பது என்றால் 'இலகு உணவு'. நிறம் பற்றியது என்றால் 'வெளிர்'. கலோரி பற்றியதற்கு மட்டும் இரண்டு சொல் வேண்டும். தானாகவே கலோரி குறைந்ததைக் 'குறைகலோரி' எனலாம், மூலத்தோடு ஒப்பிட்டுக் குறைத்ததைக் 'கலோரி குறைத்த' எனலாம். இந்த வேறுபாட்டைச் சட்டங்களும் பார்க்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் திட உணவைக் குறைகலோரி என்று சொல்ல 100 கிராமில் 40 கலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. லைட் என்று போட, ஒத்த பண்டத்தைவிட 30 சதவீதம் குறைந்திருந்தால் போதும். என் மசியல் 100 கிராமுக்கு 96 கலோரி வருகிறது. அது 'கலோரி குறைத்த' உருளைக்கிழங்கு மசியல்தான், 'குறைகலோரி' மசியல் அல்ல.